குமரி நாட்டில் ஒரு தேர்தல் தவக்காலம்

திருநெல்வேலியிலிருந்து வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று வறண்ட ஊர்களைத் தாண்டித் தெற்கே வரும் பஸ், முப்பந்தலின் காற்றாலைக் கூட்டத்தைக் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தவுடன், அதுவரை பனையும் உடைமரமும் நின்ற இடத்தில் தென்னையும் வாழையும் குளமும் வயலும் நிறைந்த வேறொரு தேசம் எதிர்ப்படுவதைக் குமரிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்லுவார்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட ஒரு தவக்காலத்தில் அதே வழியில் பிரயாணம் செய்பவனுக்கோ, இயற்கைக் காட்சியோடு கூட மனிதக் காட்சி ஒன்றும் காணக் கிடைக்கிறது. மற்ற ஜில்லாக்களில் அபேட்சகர் என்பவர் குலதெய்வத்தின் சந்நிதியில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டுப் பிரசாரத்தைத் தொடங்கிவிடலாம். இங்கே அவர் காலையில் தேங்காய் உடைத்து, மத்தியானத்துக்குள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, மாலையில் தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவுக்கும் போய்த் தலை வணங்கிய பிறகே, தம்மை முழு அபேட்சகராகக் கருதிக்கொள்ள முடிகிறது.

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்த ஜில்லாவில் இந்துக்கள் நூற்றுக்கு 48.65, கிறிஸ்தவர்கள் 46.85. தமிழகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு சமநிலை கிடையாது. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடத் தெரிந்த எந்தக் கட்சி ஆபீஸுக்கும் அடுத்தபடியாகத் தோன்றக்கூடிய எண்ணம், அந்த 46.85 என்னும் பெட்டகத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதுதான். நான் கண்ட அபேட்சகரும் அந்தத் திறவுகோலைத் தேடித்தான் புறப்பட்டிருந்தார். அவருடைய பெயரையும் கட்சியையும் இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. இந்தத் தேட்டத்தில் கட்சி பேதம் கிடையாது.

தேர்தலும் தவக்காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது சமீப காலத்தில் இங்கே வழக்கமாகிவிட்டது. 2019-ல் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 பெரிய வியாழனாக அமைந்தது. 2021-ல் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு; எனவே பிரசாரத்தின் கடைசி நாள் உயிர்த்தெழுந்த ஞாயிறு. 2024-ல் வேட்புமனு வாங்கிய நாட்கள் பரிசுத்த வாரத்துக்குள் புகுந்தன. ஆகையால், வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை நடக்கிற, இறைச்சியை ஒதுக்கிக் கஞ்சி குடிக்கிற, கலியாணமும் கச்சேரியும் இல்லாத அந்த நாற்பது நாட்களில்தான் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகளும் ஊரைச் சுற்றி வருகின்றன. சிலுவைப்பாதை போகும் வீதியில் எதிர்ப்பட்டுவிட்ட பிரசார வண்டி ஒன்று, பாட்டை நிறுத்தி, கொடியைச் சுருட்டி, ஓரமாக ஒதுங்கி நின்றதை நான் பார்த்தேன். பக்தியா, புத்திசாலித்தனமா என்று நிச்சயிக்க முடியவில்லை, இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

ஆரல்வாய்மொழியை விட்டு நகர்வதற்கு முன்னே காற்றாடிமலை இருக்கிறது. மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தராயிருந்து, குளச்சல் யுத்தத்தில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாயின் நட்பால் மனம் மாறி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நட்டாலம் நீலகண்ட பிள்ளை என்னும் தேவசகாயம், 1752 ஜனவரி 14-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அதுவே. 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த பிறகு, இந்தியாவில் இல்லறத்தாருள் முதல் புனிதர் என்ற பெருமையைத் தேடி வருகிற கூட்டத்தோடு அபேட்சகர்களின் கூட்டமும் இங்கே சேர்ந்துகொண்டது. நமது அபேட்சகர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையின் முன் மண்டியிட்டு, புகைப்படக்காரர் சரியான கோணத்துக்கு வரும் வரையில் ஜபித்துக்கொண்டிருந்தார். அரச அதிகாரத்தின் கையால் உயிர் நீத்தவரிடம் அரச அதிகாரத்தைக் கேட்டு மன்றாடுவதில் உள்ள முரண்பாடு அவருக்குத் தோன்றியதாக முகத்தில் அடையாளம் இல்லை. கூட நின்ற பக்தர்களுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் அபேட்சகரின் வேலை பெருகிவிடுகிறது. கோட்டாறு ஆயர் இல்லத்தில் பொன்னாடை, பழத்தட்டு, பத்து நிமிஷச் சம்பாஷணை. தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர் அலுவலகத்தில் இன்னொரு பொன்னாடை. இரட்சணிய சேனை, லுத்தரன் சபை, பெந்தெகொஸ்தே ஐக்கியங்கள் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அவருக்குக் கிடைப்பது ஒரே பதில்தான்: "எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம்." எதிர்க்கட்சி அபேட்சகருக்கும் நேற்று இதே பதில் கிடைத்திருக்கும், நாளை மூன்றாமவருக்கும் கிடைக்கும். அந்தப் பதிலுக்குப் பிறகு காப்பி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நகரத்தின் புறத்தே உள்ள ஒரு சி.எஸ்.ஐ. சபையின் ஆராதனைக்கு நான் போயிருந்தேன். பிரசங்கம் முடிந்து, காணிக்கை எடுத்து, அறிவிப்புகளும் வாசித்தாயிற்று. கடைசிப் பாட்டு தொடங்கும் சமயத்தில் வாசற்பக்கம் ஒரு சலசலப்பு. அபேட்சகர் நான்கு பேருடன் உள்ளே வந்து, முன்வரிசையில் காலியாயிருந்த இடத்தில் கைகட்டி உட்கார்ந்தார். போதகர் அவரைப் பார்த்தார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. நாட்டை ஆளுகிறவர்களுக்காக வாரந்தோறும் செய்கிற பிரார்த்தனையைச் செய்து, ஆசீர்வாதம் கூறி முடித்தார். சபையார் வெளியே வந்தபோது, அபேட்சகர் அதற்குள் மதில் சுவருக்கு அப்பால் ரோட்டில் போய் நின்று, வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் துண்டுப் பிரசுரங்களைக் கேட்டின் வெளிப்புறத்தில் மட்டுமே, ஓர் அடிகூட உள்ளே வராமல், விநியோகம் செய்தார்கள்.

இந்த எச்சரிக்கைக்குச் சட்டம்தான் காரணம். 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது; இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளனை மிரட்டுவதையும் அதே பிரிவு தகாத வற்புறுத்தல் என்று விலக்குகிறது. 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அபேட்சகருடைய மதம் மாத்திரமல்ல, வாக்காளனுடைய மதத்தைக் காட்டிக் கேட்பதும் குற்றமே என்று நாலுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. வழிபாட்டு ஸ்தலத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. ஆக, மதிலுக்கு உட்புறம் ஆத்துமாவுக்கும் வெளிப்புறம் ஓட்டுக்குமாகப் பூமி பங்கிடப்பட்டிருக்கிறது. மண்டியிடுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

அன்று என்னோடு வாசலில் நின்ற சபைக் கமிட்டி அங்கத்தினர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ரோட்டில் நடந்ததைவிடத் தம் சபையின் கமிட்டித் தேர்தலைப் பற்றித்தான் ஆவலாகப் பேசினார். இரண்டு அணிகள், இரண்டு நோட்டீசுகள், வீடு வீடாகச் சந்திப்பு, எண்ணிக்கை முடியும் வரையில் நள்ளிரவில் காத்திருப்பு. பேராய மட்டத்துக்குப் போனால் அதன் சூடு சட்டசபைத் தேர்தலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. "எங்களுக்கு எலெக்‌ஷன்னா என்னான்னு இவங்களா வந்து சொல்லணும், சார்?" என்று அவர் கேட்டபோது, நான் தேடாமலே ஒரு சரித்திரம் நினைவுக்கு வந்தது.

மயிலாடியிலிருந்து சிதம்பரத்துக்கு யாத்திரை போன மகாராசன் என்பவர் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி வந்து அழைத்ததன் பயனாக, 1806-ல் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இந்தக் கணவாயைக் கடந்து வந்தார். மயிலாடியில் 1809-ல் ஆலயம் எழும்பியது. அவரை அனுப்பிய லண்டன் மிஷன் சங்கத்தில் பெரும்பான்மையோர், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ள வேண்டும், சபைக்கு மேல் அத்தியட்சர் என்று ஒருவர் தேவையில்லை என்ற கொள்கையுடையவர்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் வரையில் இந்த ஊர்க்காரர்கள் பேராயர் என்ற பதவியையே அறியாமல் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் சபை நடத்தினார்கள். கன்னியாகுமரிக்கென்று தனிப் பேராயம் ஏற்பட்டது 1959-ல்தான். இடுப்புக்கு மேல் துணி போடக் கூடாதென்று ஜாதி வழக்கத்தால் தடுக்கப்பட்டிருந்த பெண்களுக்காக, மிஷனரிகளும் சபையாரும் ரெசிடெண்டுக்கும் திவானுக்கும் சென்னைக் கவர்னருக்கும் விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பமாக எழுதி, அடிபட்டு, ஆலயங்கள் எரிவதைக் கண்டு, கடைசியில் 1859-ஆம் வருஷத்து ராஜ விளம்பரத்தைப் பெற்றார்கள். அதிகாரத்தில் இருப்பவனிடம் எப்படி மனு எழுதுவது, எந்தப் படியில் ஏறி எதைக் கேட்பது என்ற வித்தையை அத்தனை தலைமுறை பயின்ற ஜனங்கள், மேய்ப்பர் கை காட்டிய திசையில் மந்தையாகப் போய் ஓட்டுப் போடுவார்கள் என்று எண்ணுகிற அபேட்சகர், பாவம், பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தையே புரட்டாதவர்.

நாகர்கோவிலின் தேர்தல் சரித்திரம் இதற்குச் சாட்சி. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக நின்று இந்தப் பகுதியைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணி, பள்ளியாடியில் பிறந்த கிறிஸ்தவர். அவரை எல்லா மதத்தாரும் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1968 ஜூன் 1-ல் அவர் காலமானதால் 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு விருதுநகரில், தம் சொந்த ஊரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றிருந்த காமராஜர் இங்கே வந்து நின்றார். எதிரே சுதந்திராக் கட்சியின் மத்தியாஸ், கிறிஸ்தவர், அன்று சென்னையில் ஆட்சியிலிருந்த தி.மு.க.வின் ஆதரவு பெற்றவர். சபைகள்தான் ஓட்டைத் தீர்மானிக்கும் என்ற கணக்கு மெய்யானால், வெளியூர்க்காரரான விருதுநகர் இந்து இங்கே கரை சேர்ந்திருக்கக் கூடாது. ஏறக்குறைய 1,28,000 ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். இதை மத நல்லிணக்கத்தின் மகிமை என்று மட்டும் எழுதிவிட்டால் அது அரை உண்மை. கிறிஸ்தவர்களிலும் இந்துக்களிலும் ஒரே ஜாதியார் பரவலாக இருக்கும் நாட்டில், ஜாதி என்னும் மற்றொரு நூல் உள்ளே ஓடியதையும், நேசமணியின் காங்கிரஸ் என்ற விசுவாசத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆலயத்தின் திறவுகோல் அன்று எந்தப் பூட்டையும் திறக்கவில்லை என்பது நிச்சயம்.

பிற்பாடு நடந்தவையும் அப்படியே. 1957-ல் காங்கிரஸ்காரராக இங்கே ஜெயித்த தாணுலிங்க நாடார், பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். 1999-லும் 2014-லும் பாரதிய ஜனதா கட்சியின் பொன். இராதாகிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்த அதே தொகுதி, நடுவே 2004-ல் பெல்லார்மின் என்னும் கிறிஸ்தவப் பெயர் தாங்கிய மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டை டில்லிக்கு அனுப்பியது. நாத்திகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குவதில் யாருக்கும் சங்கடம் ஏற்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மேற்கே போனால் பாஷையில் மலையாள வாடை ஏறுகிறது, ரப்பர்த் தோட்டங்கள் வருகின்றன. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் வொய்.எம்.சி.ஏ. மூலம் கிராமப் புனருத்தாரண வேலை தொடங்கித் தேனீ வளர்ப்பைப் பழக்கிய மார்த்தாண்டத்தில், இன்றும் தேன் நன்றாயிருக்கிறது. அபேட்சகருக்குத்தான் அங்கே கசப்பு. ஒரே கத்தோலிக்க மதத்துக்குள் மார்த்தாண்டத்தில் மலங்கரை ரீதிக்கு ஒரு மறைமாவட்டம், தக்கலையில் சீரோ மலபார் ரீதிக்கு ஒன்று, 2014-ல் கோட்டாற்றிலிருந்து பிரிந்த குழித்துறை இலத்தீன் மறைமாவட்டம் ஒன்று என்று மூன்று ஆயர் இல்லங்கள் சில மைல் தூரத்துக்குள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் போனால் மனஸ்தாபம். பொன்னாடைகள் தீர்ந்துபோய், ஓர் ஆள் கடைக்கு ஓடியதையும் கண்டேன்.

கடற்கரை வேறு உலகம். 1544-ல் சவேரியார் முக்குவர் கிராமங்களில் நடந்து ஞானஸ்நானம் கொடுத்துப் போனதிலிருந்து இங்கே ஆலயம்தான் ஊர்; அவர்கள் அதைக் கோயில் என்றே சொல்லுகிறார்கள். மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும். வழக்கு வந்தால் பங்குத்தந்தையும் பங்குப்பேரவையும் உட்கார்ந்து தீர்ப்பார்கள். துறைமுகமோ தடுப்புச் சுவரோ எதுவானாலும் அதிகாரிகளிடம் பேசப் போவது அதே பேரவை. ஆகவே சபையின் குரலுக்கு உள்நாட்டைவிட இங்கே வலிமை அதிகம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரமும் துப்பாக்கிச் சூடும் இந்தக் கரையின் மனத்தில் இன்னும் ஆறாத இடம். அதற்குப் பிறகு ஓர் அபேட்சகர் எந்தக் கோயிலுக்கு முதலில் போனார், எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை இருபுறத்தாரும் கணக்கு வைக்கிறார்கள். மாசிக் கொடை நடக்கும் பகவதி சந்நிதியில் காலையில் நின்றவர், மத்தியானம் குளச்சல் பக்கத்தில் ஒரு பங்கில் காணப்பட்டே தீர வேண்டும்.

ஜில்லாவின் மேற்குக் கோடியில் நீரோடி தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் எட்டுக் கிராமங்களுக்கு அபேட்சகர் வந்த அன்று, நானும் போய்ச் சேர்ந்தேன். ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்கிச் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள் இவ்வூரார். இந்த எட்டும் தமிழ்நாட்டு ஓட்டுகள். ஆனால் திருச்சபையின் கணக்கில் கோட்டாற்றைச் சேர்ந்தவையல்ல, திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் விரித்த பொன்னாடைகளால் இங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது, இங்கு வந்த பிறகே அபேட்சகருக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்தவரிடம், "இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் மெல்லக் கேட்டதும் என் காதில் விழுந்தது.

பங்குப்பேரவைக் கட்டடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. சுவரில், 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் கடலுக்குள் போய்த் திரும்பாதவர்களின் படங்கள். எச்சரிக்கை வந்து சேருமுன் நடுக்கடலில் இருந்தவர்கள் அவர்கள். டிசம்பர் 7-ல் பாதிரிமார் முன்னே நடக்க, ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான், தேடுதலின் வேகத்தைப் பற்றி இவர்கள் கேட்ட கேள்விகள் தலைநகரங்களில் பலருக்குக் கேட்டன. அந்தப் படங்களின் கீழே அபேட்சகர் உட்கார்ந்தார். ஆசி வழங்க வேண்டிய பங்குத்தந்தை நாலு வார்த்தை வரவேற்பாகச் சொல்லிவிட்டு ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டார். பேசியவர்கள் பேரவைக்காரர்களும், பின்வரிசையிலிருந்த பெண்களும்.

"ஹெலிகாப்டர் தளம் என்னாச்சு?" என்று ஒருவர். "தூண்டில் வளைவு போட்டதில பக்கத்து ஊருக்குக் கடல் ஏறுதே, அதுக்கு என்ன பதில்?" என்று இன்னொருவர். இனையத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்டும் யோசனை வந்தபோது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று ஒரு பெண்மணி, குரலை உயர்த்தாமல், நேராக அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார். அபேட்சகர், தாமும் ஒரு மாதா பக்தர் என்று தொடங்கினார். "அது நல்ல காரியம் மக்களே, நான் கேட்டது துறைமுகத்தைப் பற்றி" என்றார் அந்தம்மாள்.

ஒன்றரை மணி நேரம் நடந்த அந்த விசாரணையில் தெய்வத்தின் பெயர் அதற்குப் பிறகு எழவேயில்லை. வந்தவர் வரம் கேட்டு வந்தார். இவர்கள் அவரை இன்னும் உத்தியோகம் ஏற்காத ஓர் அதிகாரியாகவே பாவித்து, மனுக்களைப் பெற்றுக்கொள்ளச் செய்தார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் கையெழுத்துக் கேட்டார் பேரவைச் செயலாளர். நடத்தை விதி அமலில் இருப்பதால் எழுத்து மூலமாக எதுவும் தரக் கூடாதென்று அபேட்சகர் தயங்கினார். வாக்குறுதி வேண்டாம், பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் செயலாளர். முந்தின தேர்தலிலும் அப்படி எழுதி வாங்கியிருக்கிறார்களாம். கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து, யார் யார் கையெழுத்து என்று காட்டவும் செய்தார். அபேட்சகர் பேனாவை எடுத்தார்.

எழுந்து புறப்படும்போது அவர் செயலாளரின் தோளில் கை போட்டு, இந்தப் பங்கில் நமக்கு எத்தனை ஓட்டு விழும் என்று தணிந்த குரலில் விசாரித்தார். "ஓட்டர் லிஸ்ட் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கு சார், வேணும்னா ஒரு நகல் வாங்கிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, செயலாளர் அடுத்த நாள் மாலை நாலு மணிக்கு வர இருந்த எதிர்க்கட்சி அபேட்சகருக்கான மனுப் பிரதிகளை அடுக்கத் தொடங்கினார்.